உங்க தம்பிக்குத் தெரியுமா?

ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பேசாமல் காகிதத்தில் எழுதுகிறேனே என்று நினைக்காதே. போனை எடுத்தாலே யாராவது ஒரு டிவிக்காரர், "விமானியோட மனைவிதானே?" என்கிறார். அணைத்தே வைத்துவிட்டேன்.

முதலில் உனக்கு நன்றி. விமானம் விழுந்த அன்று நீ வந்து சேராமல் இருந்திருந்தால் என் கதி என்ன ஆகியிருக்குமோ. அவரை அடையாளம் காட்ட என்னைப் போகவிடாமல் நீயே உள்ளே போனாய். வெளியே வந்து, "தூங்குற மாதிரிதான்க்கா இருக்காரு" என்றாய். பொய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பொய்யைச் சொல்வதற்குள் நீ என்ன பாடுபட்டிருப்பாய்!

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மறுபடி வேலைக்குப் போகிறேன். நேற்று மதியம் ஓர் அம்மா வந்தார். என் வயதுதான் இருக்கும். ஒவ்வொரு பிரேமாகப் போட்டுப் பார்த்தார், எதுவும் பிடிக்கவில்லை. கடையில் கூட்டம் கலைந்ததும் மெதுவாகச் சொன்னார்: "நான் துணை விமானியோட அம்மா."

உன் அத்தானுக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த அந்தப் பெண்ணின் அம்மா. கையிலிருந்த பிரேமைக் கீழே வைத்தேன்.

"டிவில உங்க தம்பி பேசினதைக் கேட்டேன். அனுபவமில்லாத கை பதறிப்போய்த் தப்பு பண்ணியிருக்கும்னு சொன்னாரே. உங்க தம்பிக்குத் தெரியுமா, இல்ல சும்மா சொன்னாரா? தெரிஞ்சுதான் சொன்னார்னா நான் ஏத்துக்கறேன்" என்றார். சண்டைக்கு வந்தவர் மாதிரி இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பது போலத்தான் கேட்டார்.

நீ அத்தானுக்காகத்தான் பேசினாய். அவர் தூக்கக் கலக்கத்தில் இருந்தார், குடித்திருந்தார் என்று ஆளாளுக்கு அளந்தபோது, அவர் பக்கம் நின்றவன் நீ ஒருத்தன்தான். அன்றைக்கு உன்னைப் பார்த்து எனக்கு உயிர் வந்தது. ஆனால் அந்த அம்மாவை, "கேட்டுச் சொல்றேன்" என்றுதான் சொல்லி அனுப்பினேன். நீயும் விமானம் ஓட்டியவன், இப்போது பிள்ளைகளுக்குக் கற்றுத் தருகிறவன். அதனால் கேட்கிறேன். உனக்குத் தெரியுமாடா?

அன்புடன்,
அக்கா


ஜூன் 15

அக்கா,

நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அத்தானைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார்கள். உனக்காகத்தான் போனேன். நீ யாருக்காகவோ வருத்தப்படுகிறாய். நமக்காக யார் வருத்தப்பட்டார்கள்?

தம்பி


ஜூலை 2

என் அருமை அக்காவுக்கு,

போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. கோபத்தில் கிறுக்கியது.

நேற்று மறுபடி டிவிக்குக் கூப்பிட்டார்கள், போனேன். ஒருவர் எஞ்சின் என்றார், ஒருவர் பறவை என்றார். என் முறை வந்ததும் நெறியாளர், "அப்போ துணை விமானியோட தப்புதானா சார்?" என்று எடுத்துக்கொடுத்தார்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

"ஒரு யூகமாச் சொல்லுங்களேன்."

"யூகமாக்கூட எதுவும் சொல்லக்கூடாது. போன தடவை நான் சொன்னதும் தெரிஞ்சு சொன்னதில்லை. அது தப்பு. அந்தப் பொண்ணோட அம்மா பாத்துக்கிட்டிருந்தா, என்னை மன்னிக்கணும்."

உடனே விளம்பரம் போட்டுவிட்டார்கள். நான் முகத்துப் பவுடரைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது நிகழ்ச்சிப் பொறுப்பாளர் வந்து, "தெரியாதுன்னு சொல்றதுக்கா சார் காரு அனுப்பிக் கூட்டிட்டு வந்தோம்?" என்றார். திரும்பிப் போகக் காரைக் காணோம். பஸ்ஸில்தான் வீட்டுக்கு வந்தேன். அத்தான் போனபிறகு நேற்றுதான் அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன்.

முதல் தடவை டிவியில் பேசிய அன்றைக்கு எல்லோரும் "பின்னிட்டீங்க சார்" என்று கைகொடுத்தார்கள். உனக்குத் தெரியுமா என்று நீ ஒருத்திதான் கேட்டாய். கேட்டதற்கு நன்றி அக்கா.

உன்
தம்பி


மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

விசாரணை முடிந்து அறிக்கை வந்துவிட்டது. உனக்கும் தகவல் கிடைத்திருக்கும். வால் பகுதியில் ஓர் இரும்புத் துண்டு உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதாம். அது உடைந்தபிறகு யார் ஓட்டியிருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாதாம். டிவியில் அத்தனை பேர் பேசினீர்களே, ஒருத்தராவது வாலைப் பற்றி வாய் திறந்தீர்களா? போகட்டும்.

விமானிகள் இருவரும் கடைசியாகப் பேசிக்கொண்டதை எழுத்தில் தந்தார்கள். நானும் அந்த அம்மாவும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சேர்ந்து படித்தோம். ஆமாம், அவர் இப்போது நம் வீட்டுக்கு வந்து போகிறார். நீ டிவியில் தெரியாது என்று சொன்ன மறுநாளே கடைக்கு வந்து, "பாத்தேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் வீட்டுக்கே வந்தார். பிறகு வாராவாரம் வர ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் பெண், "சார், கன்ட்ரோல் அசைய மாட்டேங்குது" என்கிறாள். அவர், "நல்லாத்தாம்மா பண்றே. விடாதே, நானும் பிடிச்சிருக்கேன்" என்கிறார்.

அந்த வரியில் விரலை வைத்த அந்த அம்மா எடுக்கவேயில்லை. "என் பொண்ணை அம்மான்னு கூப்பிட்டிருக்காரே" என்றார்.

"எங்க மகளையும் அப்படித்தான் கூப்பிடுவாரு" என்றேன். அதுவரை ஒருவர் முன்னால் ஒருவர் அழாமல் சமாளித்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு முடியவில்லை.

நீ மட்டும் அன்றைக்கு வீம்பு பிடித்திருந்தால் அவர் என் வாசற்படி மிதித்திருப்பாரா? அந்த வரியை நான் தனியாகப் படித்திருப்பேன், அவர் அவர் வீட்டில் தனியாகப் படித்திருப்பார். இதற்கு உனக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, தம்பி.

நேற்றுக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை உங்க தம்பியையும் வரச் சொல்லுங்க. திட்டமாட்டேன்" என்றார்.

வந்துவிடு. அவர் வருவதற்குள் வந்தாயானால், நாற்காலியெல்லாம் எடுத்துப் போட எனக்கு ஒத்தாசையாக இருக்கும்.

அன்புடன்,
அக்கா