பச்சை வண்டின் முறுக்கு

2024 யூன் 3
துறைமுகப் பக்கத்துக் காற்றில் உப்பும் வெக்கையும். ஆய்வுகூடத்து ஏசி மறுபடி படுத்துவிட்டது.

என்னோடு ஆய்வு செய்யும் நிஸாவின் கலவை இன்று பச்சையாக மின்னியது. நல்ல பச்சை. திரவப் பளிங்கில் (லிக்விட் கிறிஸ்டல்) ஒரு துளி முறுக்கு மருந்து சேர்த்தால் மூலக்கூறுகள் வெளிச்சவீட்டுப் படிகள் போலச் சுழன்று அடுக்கி நிற்கும். அந்தச் சுழற்சி வலமாகவும் போகலாம், இடமாகவும் போகலாம்; அதில் பட்டுத் திரும்பும் ஒளியும் அதே பக்கமே சுழலும். மருந்து இரண்டு போத்தல்களில் இருக்கிறது. ஒன்று வலத்துக்கு, மற்றது இடத்துக்கு. வல மருந்து போட்டதாக நிஸா எழுதியிருக்கிறாள். என் அட்டையால் பார்த்தால் இடம்!

அட்டை என்பது பெரிய கருவி ஒன்றுமில்லை. முப்பரிமாணப் படம் பார்க்கும் மலிவுக் கண்ணாடி. அதன் வலக்கண் வலச்சுழல் ஒளியை மட்டும் விடும், இடக்கண் இடச்சுழலை. இரண்டையும் வெட்டி அட்டையில் ஒட்டி, "வலம்", "இடம்" என்று எழுதியது நான்தான்.

யூன் 5
ஆய்வுகூடத் தலைவர் இக்னேசியஸ் சேருக்கும் மற்ற எல்லோருக்கும் முன்னால் சொன்னேன், நிஸா போத்தலை மாற்றிவிட்டாள் என்று.

"நான் மாத்தல்ல, அக்கா. பேர வாசிச்சித்தான் எடுத்தன்."

"அப்ப மருந்து தானாத் திரும்பினதோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

யூன் 6
சேர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்.

யூன் 19
நிஸா இன்றும் வரவில்லை. தோப்பூரில், வீட்டிலேயே டியூஷன் கொடுக்கிறாளாம். இனி வரமாட்டாள் போல.

யூலை 9
மாதா கோயில் வளவில் பச்சை வண்டு ஒன்று செத்துக் கிடந்தது. இந்த வகை வண்டின் ஓடும் எங்கள் கலவை மாதிரி முறுக்கிய அடுக்குகளால்தான் மின்னுகிறது, அதுவும் எப்போதும் இடமாக என்று வாசித்திருக்கிறேன். விளையாட்டாக எடுத்துவந்து அட்டையால் பார்த்தேன். "வலம்" என்றது.

வண்டுமா போத்தலை மாற்றியது?

வெட்டாத கண்ணாடி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தேன். அது என்னைப் பார்த்தபடி இருந்தது. அன்றும் இப்படித்தான் வைத்து வெட்டினேன். எனக்கு இடப்பக்கம் இருந்தது, போடுகிறவரின் வலக்கண். அதில்தான் "இடம்" என்று எழுதியிருக்கிறேன்.

ஐயோ, என்ன வேலை செய்தனான்! அவளின்ர பேரை நானெல்லோ அழிச்சனான். அதுவும் சிரிச்சுக்கொண்டு.

யூலை 10
சேரிடம் சொன்னேன். "சத்தமில்லாமக் கட்டுரையத் திருத்திப்போட்டு அனுப்புவம்" என்றார். ஏலாது என்றேன். எல்லோருக்கும் முன்னால் சொன்ன சொல்லை எல்லோருக்கும் முன்னால்தான் திருப்பி எடுக்கவேண்டும். பின்னேரக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். இந்தமுறை ஒருவரும் சிரிக்கவில்லை.

யூலை 12
பஸ் ஏறித் தோப்பூர் போனேன். நிஸாவின் உம்மா தேத்தண்ணி தந்தார். நிஸாவிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"பிழை விட்டது நீங்க. எல்லாரும் சிரிச்சது என்னப் பார்த்து."

மன்னிப்புக் கேட்டேன். "யோசிக்கிறன்" என்றாள்.

ஓகஸ்ட் 2
நிஸா வந்தாள். கட்டுரையில் இப்போது அவள் பெயர்தான் முதலில்.

புதிய கலவையைப் பார்த்து அவள் சொல்லச் சொல்ல நான் கொப்பியில் எழுதினேன். முடிந்ததும் கையை நீட்டினாள். கொப்பியை வாங்கி, வரிவரியாக விரல் வைத்துச் சரிபார்த்தாள். முன்பென்றால் நான் எழுதியதை அவள் பார்ப்பதே இல்லை. பேனையை மூடாமல் பக்கத்தில் நின்றேன்.