நிழலில் எனக்குக் கதிரை, வெயிலில் நஸீபா

காத்தான்குடி

அன்பு மகன் ஹில்மிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ கட்டாரில் குளிர் அறைக்குள் நல்ல சுகம் என்று அங்கிருந்து லீவில் வந்த நளீர் சொன்னான், அல்ஹம்துலில்லாஹ். இங்கே எங்கள் சுகம் எவ்வளவு என்று இதை வாசித்து முடித்தபின் நீயே சொல்லு. வொய்ஸ் அனுப்பினால் பாதியில் நிறுத்திவிட்டு மற்ற வேலை பார்ப்பாய், அதனால்தான் நளீர் திரும்பி வரும் பையில் இதை வைக்கிறேன். ஊருக்கெல்லாம் நான் பகிடிக்கார உசனார் மாமா, உனக்குத்தான் வாப்பா. இதை எழுதுவது வாப்பா, ஆனால் மாமா இடையிடையே வாயை வைப்பான், பொறுத்துக்கொள்.

உன் தங்கச்சி நிஸ்றாவின் கலியாணப் பேச்சு முற்றாகும் நேரம், மாப்பிள்ளையின் உம்மா பஹீமாவையும் ஏறாவூர் ஆட்களையும் கூட்டிக்கொண்டு கொழும்புப் பக்கத்துப் பெரிய விளையாட்டுப் பூங்காவுக்குப் போன படங்கள் உனக்கு வந்திருக்கும், படத்தில் எல்லாரும் சிரிக்கிறோம். வேனுக்குள் அடைத்த சனத்துக்குத் தனியாக ஒரு பிரதேச சபை வைக்கலாம். பாட்டுச் சத்தத்தில் வாவி நண்டெல்லாம் கல்லடிப் பாலத்தில் ஏறி நின்று எங்களை வழியனுப்பின. உன் பெண்சாதி நஸீபா மட்டும் இரவு முழுக்கக் கண் மூடவில்லை. எனக்கு நீ முதலே வாயைக் கட்டியிருந்தாய், வலிப்பு எண்ட சொல் அவங்கட காதில விழப்படாது வாப்பா, நிஸ்றாட காரியம் முடியட்டும் என்று. சரி என்றேன். ஆனால் அவளுக்கு நீ தனியாகச் சொன்னது எனக்குப் பிறகுதான் தெரியும், அவங்களுக்கு முன்னால குளிசை போடாத, ஒரு நாள் போடாட்டி செத்தா போவாய் என்று. ரெண்டு வருஷமாக ஒரு தரமும் வலிப்பு வராத பிள்ளை மகன். பார்த்தால் ஒரு குறையும் தெரியாது, அவள் செய்த குற்றமும் அதுதான்.

காலைக் குளிசை வேன் சனத்துக்குள் போடாமலே போயிற்று. பகல் சாப்பாடு புல்லுத் தரையில் சஹனில் வைத்தோம், ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பெண்கள், பஹீமாவுக்குப் பக்கத்தில் நஸீபா. சஹனில் ஒருத்தி கையை எடுத்தால் மற்ற ஐந்து பேருக்கும் தெரியும், பையைத் திறந்தால் என்ன மருந்து என்று கேட்பார்கள். உன் உம்மா பார்த்துக்கொண்டிருந்தாவாம், அந்தப் பிள்ளை பையைத் தொடவேயில்லை. பஹீமா நல்ல இறைச்சித் துண்டாகப் பிய்த்து அவள் பக்கம் தள்ளி, தின்னுகா, மெலிஞ்சி போயிரிக்காய் என்றாவாம். அந்த அன்புக்கு முன்னால் எப்படி அவள் குளிசையை எடுப்பாள்?

பின்னேரம் ராட்டினத்துக்கு வரிசை, தலை ராட்டினத்தடியில், வால் ஓட்டமாவடியில். சூரியன் அன்று எங்கள் வேன் கூரையில் ஏறி வந்தவன் போல் தலைக்கு மேலேயே நின்றான். நஸீபா முக்காட்டு நுனியை விரலால் நிமிண்டத் தொடங்கினாள், வலிப்புக்கு முன் அவளுக்கு வரும் அடையாளம் அது. வா என்று கண்ணால் காட்டினேன், பஹீமா அவள் கையைக் கோத்துக்கொண்டு நின்றா. நான் ஓடிப்போய், சக்கரக் கதிரைப் படம் போட்ட பக்க வாசலில் நின்ற பொடியனிடம், மருமகளுக்குச் சுகமில்லை, உள்ளே நிழலில் இருக்க விடு தம்பி என்றேன். அவன் அவளை மேலிருந்து கீழே பார்த்தான். நல்லாத்தானே நிக்கிறாங்க, என்ன வருத்தம் என்றான். பஹீமாவின் காது எங்கள் பக்கம் திரும்பியது. நீ என் வாயைக் கட்டியிருந்தாயே. வருத்தம் எனக்குத்தான், இருதயத்தில் மூன்று ஓட்டை, ஒன்றுக்குள்ளால் காற்றுப் போய் வருது, படத்தைப் பார்த்த டொக்டர்மார் ஏங்கி அழுதார்கள் என்றேன். நரைத்த தாடியும் தொந்தியும் உள்ளவனை உடனே நம்பினான். கதிரை வந்தது, தண்ணீர் வந்தது, துணைக்கு ஒராள் வரலாம் என்றான். மருமகள் வரட்டும் என்றேன். அதுக்கென்ன, உங்கட பொஞ்சாதி இரிக்காவே, அவ போகட்டும் என்று பஹீமா நியாயமாகத்தான் சொன்னா. என்னைச் சுல்தானைப் போல் நிழலுக்குள் உருட்டிக்கொண்டு போனார்கள். அங்கிருந்துதான் கண்டேன், நஸீபா என்னைத் தேடித் தலையைத் திருப்பினாள், அப்படியே விழுந்தாள்.

மூன்று ஓட்டைக்காரன் ஓடின ஓட்டத்தைக் கண்டு அந்தப் பொடியன் வாயைப் பிளந்தான். நான் போய்ச் சேர நாக்கைக் கடித்து இரத்தம். இரும்பு குடுத்தா நிக்கும் என்று யாரோ வேன் திறப்பை அவள் கைக்குள் திணித்திருந்தார்கள், அதைப் பிடுங்கிப் பூங்காக் குளத்தில் எறிந்தேன், தண்ணீருக்குள் இறங்கிச் சாவியைத் தேடியெடுத்த டிரைவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. கிளினிக்கில் காட்டித் தந்தபடி சரித்துப் படுக்க வைத்தேன். கண் திறந்ததும் தண்ணீர் கேட்கவில்லை, நான் எங்கே என்றும் கேட்கவில்லை. மாமா, அவங்க கண்டுட்டாங்களா என்று கேட்டாள். சிரிக்க வைக்க ஒரு பகிடி தேடினேன் மகன், கிடைக்கவில்லை.

பஹீமா முகம் துடைத்துவிட்டா, வரும் வழியெல்லாம் தன் மடியில் படுக்க வைத்தா. மூன்றாம் நாள் ஆள் அனுப்பிக் கலியாணப் பேச்சை முறித்துச் சொன்னா, நோவில ஒண்டுமில்ல, மறைச்ச வீட்டில இன்னும் என்னென்ன மறைஞ்சி கிடக்கோ என்று. மெய்க் காரணமோ சாட்டோ, அல்லாஹ்தான் அறிவான். நிஸ்றா அறைக்குள் கிடக்கிறாள், யாரில் கோபம் என்று சொல்லவில்லை. நீ உம்மாவுக்கு அனுப்பின வொய்ஸை நானும் கேட்டேன், ஒரு நாள் பொறுக்க ஏலாமப் போச்சா அவவுக்கு என்கிறாய். வலிப்பு என்ன பஸ்ஸா மகன், கை காட்டி நிப்பாட்ட? ஊர் வழக்கப்படி கலியாணத்தன்று அவள் வீட்டுக்குத்தான் மாப்பிள்ளையாகப் போனாய். அவள் உனக்கு முழு வீட்டைத் தந்தாள், நீ அவளுக்குக் குளிசைப் போத்தல் வைக்க மேசையில் ஒரு சாண் இடம் தரவில்லை.

நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். போத்தல் குசினிக்குள் அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்தது. எடுத்து மண்டபத்து மேசையில் வைத்தேன். அவள் கொண்டுபோய்த் திரும்பவும் ஒளித்தாள். ஏன் மகள் என்றேன். அவர் கோல் எடுத்தா வீடியோவில தெரியும் மாமா என்றாள்.

ஏறாவூராருக்கு இனி மறைக்க ஒன்றுமில்லை. இப்போது அவள் மறைப்பது உனக்கு. ஆகையால் அடுத்த முறை அழைக்கும்போது நிஸ்றாவின் காரியத்தைக் கேட்காதே, அந்தப் போத்தலை மேசைக்குக் கொண்டு வரச் சொல், உன் கண்ணுக்கு முன்னால் ஒன்றைப் போடச் சொல். நான் வைத்தால் அது அங்கே நிற்காது.

உம்மா மாசிச் சம்பல் தந்திருக்கிறா, நளீரிடம் கேட்டு வாங்கு, வழியில் அவன் திறந்துவிடுவான். அல்லாஹ் உன் உழைப்பில் பறக்கத் செய்வானாக, உன் நாக்குக்கும் கொஞ்சம் இரக்கம் தருவானாக.

இப்படிக்கு,
இருதயத்தில் ஓட்டை இல்லாத உன் வாப்பா
உசனார்