கூறைச்சேலைக்கு முன்னால் நின்று பாடியவன்

அம்மாவின் அலுமாரியை இன்று திறந்தேன், தம்பி. அடுத்த கிழமை உன் ஆண்டுத் திவசம். அம்மாவுக்கு ஒரு பருத்திச் சேலை எடுக்க வேண்டியிருந்தது. பூச்சி உருண்டை மணத்தோடு உன் சென்ட் மணமும் சேர்ந்து முகத்தில் அடித்தது. மைக்குக்கு முன்னால் வைக்கக் கம்பியை வளைத்து, என் பழைய காலுறையை இழுத்துக் கட்டினாயே, அந்த வட்டம் இன்னும் உள்ளே தொங்குகிறது. தொடப் பயமாக இருந்தது. கதவைச் சாத்திவிட்டேன்.

பலெர்மோவின் சீசாப் பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டில் எதிரொலி இல்லாத ஒரே இடம் அந்த அலுமாரிதான் என்று கண்டுபிடித்தவன் நீ. "அக்கா, அம்மான்ரை கூறைச்சேலைதான் சவுண்டை நல்லா இழுக்குது" என்று பெரிய விஞ்ஞானி மாதிரிச் சொன்னாய். கல்யாணக் கூறைக்கு முன்னால் நின்று ட்ரில் என்கிற கும்பல் ராப் பாடியவன் இந்த ஊரிலேயே நீ ஒருவனாகத்தான் இருப்பாய். முகமூடியும் கத்தியும், எதிர்க் கும்பலைப் பெயர் சொல்லி மிரட்டுகிற வரிகளுமாக எத்தனை பாட்டுகள். அம்மாவுக்குத் தெரிந்தது, தான் வேலை செய்கிற சின்யோரா வீட்டுச் சமையலறை இத்தாலியன் மட்டும். உன் வீடியோவைப் பார்த்துவிட்டு, "குளிருக்குத் தொப்பி போட்டிருக்கிறான், நல்லது" என்றார். நாம் இருவரும் குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தோம்.

நீ ஒன்றும் அப்பாவி இல்லை. செத்துப்போனாய் என்பதற்காக உன்னைச் சாமியாக்க என்னால் முடியாது. ஒரு கோப்பைகூடக் கழுவாத நீ, ஒரு மத்தியானம் குளியலறையில் குந்தியிருந்து உன் ஜக்கெட்டைத் தோய்த்தாய். தண்ணீர் சிவப்பாக ஓடியது. "விழுந்திட்டன் அக்கா" என்றாய். உன் உடம்பில் ஒரு கீறலும் இல்லை. மற்றக் கும்பல் பொடியன் ஒருவனுக்குக் கை விளங்காமல் போனதை மறுநாள் பஸ்ஸில் கதைத்தார்கள். அதையும் நீ பாட்டாக்கினாய். அவர்கள் பதிலுக்குப் பாடினார்கள். பிறகு பாட்டு நின்றுவிட்டது. போர்கோ வெக்கியோ சந்தையில், மீன் விற்கிற நேரத்தில், எல்லோரும் பார்த்திருக்க உன்னைக் குத்திவிட்டார்கள்.

பொலிதேயாமாவில் பஸ் ஏறினால் இன்றும் யாரோ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் போனுக்குள் இருந்து நீ மிரட்டுகிறாய். உன்னை எரித்த பிறகும் உன் கோபம் ஊர் சுற்றுகிறது. நான் இடையில் இறங்கி நடந்து வருவேன்.

நேற்று உன் கூட்டாளி வந்தான். உன் லாப்டாப் என்னிடம் இருப்பது அவனுக்குத் தெரியும்.

"அக்கா, அந்தக் கடைசிப் பாட்டைத் தாங்கோ. திவசத்தண்டைக்கு விடுறம். அவனுக்குச் செய்யிற மரியாதை, ரிஸ்பெத்தோ."

"அதிலை ஒருத்தன்ரை பேர் இருக்கு. அடுத்தது நீதான் எண்டு பாடியிருக்கிறான்."

"பேர் இருந்தாத்தானே அக்கா ட்ரில்? அவன் சொன்னதை நாங்கள் செய்யாமல் விடேலுமோ?"

அந்தப் பெயருக்கு உரியவன் இப்போது அந்த எதிர்க் கும்பலை விட்டுவிட்டான். பாண் சுடுகிற கடையில் வேலைக்கு நிற்கிறான். என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு பாணைச் சுற்றித் தருவான். உன்னைக் குத்தியவன் அவன் இல்லை. அவனுக்கும் ஒரு அக்கா இருக்கிறாள்.

"நாளைக்கு வா" என்று கூட்டாளியை அனுப்பிவிட்டேன்.

இன்று அலுமாரியைச் சாத்திவிட்டு, ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு அந்தப் பாட்டை முழுவதும் கேட்டேன். உன் மூச்சு என் காதுக்குள்ளேயே இருந்தது. முடிவுக்குச் சற்று முன், தூரத்தில் அம்மாவின் குரல்: "தம்பி, புட்டு ஆறுது, வாடா." நீ உறுமலை நிறுத்தினாய். பிறகு, எங்கள் வீட்டுப் பிள்ளையின் குரலில், "வாறன் அம்மா. ஒரு வரிதான் மிச்சம்" என்றாய்.

நீ போகவில்லை. நின்று அந்த ஒரு வரியைப் பாடினாய். அந்தப் பெயர் அந்த வரியில்தான் இருந்தது.

பாட்டை அழித்துவிட்டேன், தம்பி. அம்மா கூப்பிட்டதையும் நீ பதில் சொன்னதையும் மட்டும் வெட்டியெடுத்து என் போனில் வைத்திருக்கிறேன். அதைச் சுமந்துகொண்டுதான் இனி நான் வேலைக்குப் போவேன், பஸ் ஏறுவேன், பாண் வாங்குவேன். உன் கூட்டாளி வந்து கத்தட்டும்.

திவசத்துக்கு அம்மா புட்டு அவிப்பார். இனிப் பாட ஒரு வரியும் மிச்சமில்லை. சாப்பிட வா.