நாற்காலி வண்டியின் கனம்

வண்டியை இலேசாக்கலாமா என்று அப்பாவிடம் கேட்டுவிட்டேன். நேற்று அவர் சாப்பிட்டு முடித்த பிறகு. போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன். அங்கே நீ சுகமாக இருப்பாய் என்ற நினைப்பில்தான் இங்கே பொழுது போகிறது. அப்பாவுக்கு வாதம் வந்த கால் கொஞ்சம் தேறியிருக்கிறது, வலது கை அப்படியேதான்.

வாடகை நாற்காலி ஏற்றிப் போக அவர் செய்த டிரெய்லர் உனக்குத் தெரியும். ஆயுள் முழுக்க லாரிக்கு பாடி கட்டியவர், பிளாஸ்டிக் நாற்காலிக்கும் லாரியையே கட்டிவிட்டார். எங்கே விரிசல் விட்டாலும் ஒரு இரும்புப் பட்டையை வைத்துப் பற்றவைப்பார், அந்தக் கனத்தில் அடுத்த இடம் விரியும், அங்கேயும் ஒரு பட்டை. இப்போது சரக்கை விட வண்டிதான் கனம். முன்பு அவர் முன்கம்பியைத் தூக்குவார், நான் ஸ்கூட்டரைப் பின்னால் தள்ளி வந்து மாட்டுவேன். இப்போது கம்பியைத் தூக்க ஆள் தேடித் தெருவில் நிற்கிறேன். எதிர்வீட்டுக்காரர் ஆரம்பத்தில் ஓடி வந்தார். இப்போது என்னைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்கிறார். போன வாரம் பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடித்தும் வண்டி என்னைத் தள்ளிக்கொண்டே போனது, மணல் குவியலில் மோதி நின்றேன். சிராய்ப்புதான். அப்பாவிடம் சொல்லவில்லை.

நம் தெருமுனை வெல்டரிடம் விசாரித்தேன், நீ சொன்ன அலுமினியத்தைப் பற்றவைக்க அவர் பட்டறையில் ஆகாதாம். மெல்லிய இரும்புக் குழாயே போதும், சாய்வாக ரெண்டு குறுக்குக் கொடுத்தா முறுக்காது, அக்கா ஒத்தக் கையால தூக்கலாம் என்றார். அண்ணன் பஞ்சு மூட்டைக்கு யானையக் கட்டிப்போட்டிருக்காரு என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்தேன். அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார், சொல்ல முடியவில்லை.

நேற்று சொன்னேன். இலேசா இருந்தா காலியா வரும்போது பள்ளத்துல துள்ளும் என்றார். மெதுவாக ஓட்டுகிறேன் என்றேன். உனக்கு ரோடு தெரியாது என்றார். பிறகு கையைப் பார்த்துக்கொண்டே, நான் எழுந்து வந்துட்டா ரெண்டு பேரு இருக்கோமே, அப்புறம் எதுக்கு இலேசு என்றார். ஒருத்தி தூக்கும்படி செய்தால், இனி நான் ஒருத்திதான் என்று அவரிடம் சொன்னதாகிவிடும். செய்யாவிட்டால் மறுபடியும் அந்த இறக்கம்.

பழைய வண்டியை அறுக்கும்படி வெல்டரிடம் சொல்லிவிட்டேன். புதியதில் அச்சும் சக்கரமும் மட்டும் பழையவை. அதைக் கேட்டதிலிருந்து அவர் பேசவில்லை. வீட்டில் தட்டு வைக்கிற சத்தம்தான்.

நீ வேளைக்குச் சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொள். எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் நீ. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அப்பாவிடம் கையைப் பற்றிக் கேட்காதே, மறந்துவிடாதே. வேறு ஏதாவது கேள்.

உன்
அம்மா

பி.கு. எழுதி முடிப்பதற்குள் வெல்டர் வந்துவிட்டார். சத்தம் கேட்குமே என்று ஜன்னலைச் சாத்தப் போனேன். திறந்தே இருக்கட்டும் என்றார் அப்பா. வெளியே போய், அறுக்கும்போது கம்பி கீழே விழாமல் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.