தோளில் கிடந்த துண்டு

அன்புள்ள அண்ணனுக்கு,

"மனசாவது ஒண்ணாவது, எல்லாம் மூளைதான். பயாலஜியிலயே சேரு" என்று கோபமாக எழுதியிருந்தாய். நரம்பியல் ஆராய்ச்சிக்கு எனக்கு உயிரியல், உளவியல் இரண்டு துறையிலும் இடம் கிடைத்திருக்கிறது. உயிரியலில் எலியின் மூளையில் பயத்தைத் தேடுவார்கள். உளவியலில் பயந்த மனிதரோடு உட்கார்ந்து பேசுவார்கள்.

கூலிப் போராட்டம் முடிந்து இருபது வருடமாகிறது. வயல் பட்டா இப்போது அப்பா பேரில். ஆனாலும் புல்லட் பைக் சத்தம் கேட்டால், அந்தக் காலத்துப் பண்ணையாரே வருவதுபோல, தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார். ஏன் என்று கேட்டால், "நான் எங்கேம்மா கட்டுனேன்?" என்கிறார். இதை எந்த எலியிடம் கேட்பது?

உளவியலில் சேர்வதாக எழுதிப் போட்டுவிட்டேன். திட்டாதே.

பொங்கலுக்கு நீ புது புல்லட்டில் வந்து இறங்கியபோதும் அப்பாவின் துண்டு இடுப்பில்தான் இருந்தது. நீ கவனிக்கவில்லை.

உன் தங்கை