தனியா கேளு

பழவேற்காடு
12.5.2025, திங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் சண்டைக்காரி மகள் ஆன்சி எழுதுவது. பத்திரமாக வந்து சேர்ந்தேன். ராசையா மாமா என்னைக் குட்டியானை வண்டியில் காலி மீன் பெட்டிகளுக்கு நடுவே உட்கார வைத்துக் கொண்டுவந்ததில், இறங்கியதும் ஒரு பூனை என் சுடிதார் பின்னாலேயே வந்தது.

பயிற்சி முகாமுக்குள் வந்தவுடன் எல்லார் போனையும் வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார்கள். ஒரு வாரம் பாட்டும் படமும்தான், வேறு எதுவும் கூடாதாம். வீட்டுக்குக் கடிதம் மட்டும் எழுதலாம். மாமா விடிகாலையில் இங்கிருந்து காசிமேட்டுக்கு லோடு ஏற்றிப் போய், சாயங்காலம் திரும்புகிறார். அவரிடம் கொடுத்துவிடுகிறேன். நீயும் அவரிடமே கொடு.

முதலில் எல்லாரும் எழுந்து பேரும் ஊரும் சொல்லச் சொன்னார்கள். எனக்குத் திக்கும் என்று யாருக்கும் தெரியாது. 'ஆ'விலேயே நின்றுவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை, ஐயோ பாவம் என்றும் பார்க்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

பிறகு ஒரு படம் போட்டார்கள், சத்தத்தை நிறுத்திவிட்டு. ஒரு பெண் கதவைத் திறக்கிறாள், அவ்வளவுதான். அதையே சத்தத்தோடு மறுபடி போட்டார்கள். உள்ளே குழந்தை அழுதுகொண்டிருக்கிறது. அதே கதவு, ஆனால் வேறு வீடு ஆகிவிட்டது அம்மா.

வீட்டில் இருப்பவர்களும் புதுசாக ஏதாவது சத்தம் கேட்டால் எழுதி அனுப்பலாம் என்றார்கள். நீ எழுது. ஞாயிற்றுக்கிழமை வீட்டாரைக் கூப்பிடுகிறார்கள். நாங்கள் செய்ததைப் போட்டுக் காட்டிவிட்டு, எழுந்து நின்று நாலு வார்த்தை பேச வேண்டும். என்னால் முடியுமா தெரியவில்லை. சாப்பாடுதான் சரியில்லை. குழம்பு சுடுதண்ணீர் மாதிரி இருக்கிறது.

நைனாவைக் கேட்டதாகச் சொல்லு.

ஆன்சி

---

ராயபுரம்
13.5.2025

அருமை மவராணி ஆன்சிக்கு,

அஞ்சாங்கிளாஸைப் பாதியிலே வுட்டுட்டு ஓடியாந்த உன் அம்மா ஃப்ளோரன்ஸ், காசிமேட்டுல மீன் ஆய்ஞ்ச கைய ரெண்டு தபா சோப்பு போட்டுக் கழுவிக்கினு எழுதறது. அப்பவும் காயிதம் நாறிச்சின்னா மூக்கப் பொத்திக்கினு படி. அந்தப் பூனைகிட்ட குடுத்துடாத.

இங்க வெயிலு மண்டையப் பொளக்குது. நீ இல்லாம வூடு வெறிச்சினு கீது. திட்டறதுக்கு ஆளு இல்லாம உன் நைனாவத் திட்டிக்கினு கீறேன், அவரு அதுக்கும் தலையாட்டறாரு.

சத்தம் எழுதச் சொன்னியே. கேட்டுக்கோ. ஹார்பர் கேட்டாண்ட கன்டெய்னர் லாரி பின்னால வரும்போது ஒரு பாட்டு பாடுது, பொறந்தநாளு பாட்டு மாதிரி. எத்தினி வருசமா போய்க்கினு கீறேன், இன்னிக்கிதான் காதுல வுளுந்திச்சி. அப்பால உங்க நைனா. குளிக்கும்போது விசிலடிக்கிறாருடி. கிரேன்ல வேல செய்யிற மனுசன், வாயத் தொறந்தா காத்துதான் வரும், அவருக்குள்ள இப்டி ஒரு விசிலு. கதவத் தட்டி "ஆரு பாத்ரூம்ல, குயிலா"ன்னேன். அதோட நிறுத்திட்டாரு.

நேத்து பக்கத்துல ஹில்டா வூட்டுல டிவில படம். பாதிலே ஸ்பீக்கர் பூட்ச்சி. சரின்னு நானே எல்லாருக்கும் பேசினேன். கதாநாயகனுக்கு நம்ம மீன் ஏலக்காரன் குரலு, அவன் மாமியாருக்கு ஹில்டா குரலு. ஹில்டா சிரிச்சி சிரிச்சி சொம்புத் தண்ணிய மேல ஊத்திக்கினா. நெசமா அவுங்க பேசினத வுட நான் பேசினதே சோக்கா கீதுன்னா. பார்த்துக்கோ, உங்க வாத்தியாருக்கு ஆளு வோணும்னா சொல்லு, வர்றேன்.

ஞாயித்துக்கெழமைக்கு ரோஸ் கலரு பொடவ எடுத்து வெச்சிட்டேன். நீ பேசறதுக்கு இன்னாத்துக்கு பயப்படற, நான் கீறேன்ல.

இப்படிக்கு
மீன்வாசன அம்மா

---

பழவேற்காடு
14.5.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பிடும் இடத்தில் படித்து நான் எனக்குள்ளேயே சிரிக்க, எல்லாரும் என்ன என்று கேட்டார்கள். சொல்ல நேரமாகும் என்று கடிதத்தையே கொடுத்துவிட்டேன். நைனாவின் விசில் இங்கே எல்லாருக்கும் பிடித்துவிட்டது.

இன்று படகில் கூட்டிக்கொண்டு போனார்கள். மைக்கை ஒரு பையில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கிக் காதில் மாட்டினால், அடியில் பொரிகடலை வறுப்பது போலச் சத்தம். இறால்களாம். நீ இத்தனை வருஷம் தலை கிள்ளிய இறாலெல்லாம் உயிரோடு இருக்கும்போது பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

இதோடு ஒரு மெமரி கார்டு வைத்திருக்கிறேன். நேற்று நான் பதிவு செய்தது. கடைசியில் நானே கட்டின பாட்டு ஒன்று இருக்கிறது. பாடினால் எனக்குத் திக்காது என்று உனக்குத்தான் தெரியுமே. ஞாயிறு வருவதற்குள் நீ கேட்டுவிட வேண்டும்.

இன்றைக்கும் குழம்பு வாயில் வைக்க விளங்கவில்லை.

ஆன்சி

பி.கு. அம்மா, தனியா கேளு.

---

ராயபுரம்
15.5.2025, மத்தியானம்

அருமை மவளே,

கார்டு வந்திச்சி. எம்மாத்தூண்டு கீது, மீன் செதிலு மாதிரி. தொலைஞ்சிடப் போவுதுன்னு ஜாக்கெட்டுல சொருகி வெச்சிக்கினேன்.

தனியா கேளுன்னு எழுதிக்கீறியே, நம்ம வூட்டுத் தனியா தீந்துபூட்ச்சி. உனக்கு ஹில்டா அரைக்கிறதுதான புடிக்கும், அவளத்தான் கேளுன்றியாக்கும்னு கேட்டேன். "பொண்ணு பாட்டு கத்துக்கப் போச்சா, பந்திக்கு சமைக்கப் போச்சா"ன்னு நக்கலு வுட்டுக்கினே வறுத்து அரைச்சிக் குடுத்தா. ஒரு டப்பா ராசையா அண்ணங்கிட்ட குடுத்துக்கீறேன். குழம்பு கொதிக்கும்போது ரெண்டு ஸ்பூன் போடச் சொல்லு. அந்த சமையக்காரன் கண்ணுல தண்ணி வந்துடும்.

இப்ப ஒரு விசயம் சொல்றேன், வெக்கப்படாத. மே, மாதா மாசமில்ல, தெனம் தெருவுல மாதா கெபியாண்ட செபமால நடக்குது. சுஹைப்பு பாய் மைக்செட்டு கட்டிக்கீறாரு. செபமால முடிஞ்சதும் உன் கார்ட அவராண்ட குடுத்துப் போடச் சொல்லிட்டேன். தெருவே கேக்கட்டும். "ஃப்ளோரன்ஸ் பொண்ணா, அது வாயத் தொறக்காதே"ன்னு சொல்றாளுங்களே, அவளுங்க காதுல ஊத்தறேன் இன்னிக்கி.

இப்படிக்கு
பாடகியோட அம்மா

---

பழவேற்காடு
15.5.2025, இரவு

அம்மா,

தனியா என்றால் மல்லி இல்லை. ஒண்டியா. நம் வீட்டில் ஒண்டியா என்றுதான் சொல்வோம், தனியா என்றால் நமக்கு டப்பாவில் இருப்பதுதான். இங்கே எல்லாரும் பேசுவதைக் கேட்டு எனக்கும் அப்படி எழுத வந்துவிட்டது. தப்பு என் மேல்தான்.

அதில் பாட்டு கடைசியில் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் நான் பேசியது. உன்னிடம்.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் உன் கடிதம் கைக்கு வந்தது. ஆபீஸுக்கு ஓடிப் போய் உன் நம்பருக்குப் போன் பண்ணச் சொன்னேன். நீ எடுத்தாய். பின்னால் 'மரியே வாழ்க' கேட்டது. போடாதே என்று சொல்ல வேண்டும். 'போ' வரவே இல்லை. "ஆருப்பா அது, மூச்சு வுடறதுக்கா போன் போட்ட" என்று சொல்லி நீ வைத்துவிட்டாய். அங்கே இருந்த மேடம் வாங்கி மறுபடி போட்டார்கள். நீ எடுக்கவில்லை.

போட்டுவிட்டாயா?

ஆன்சி

---

ராயபுரம்
16.5.2025

ஆன்சிக்கு,

அந்தப் போனு நீயா.

ராசையா அண்ணன் காயிதத்தக் குடுத்துட்டு அங்கியே நின்னாரு. நான் படிச்சி முடிக்கிற வரிக்கும் போவல.

போட்டுட்டேன். நானே சொல்லிடறேன், வேற ஆரு வாயாலயாவது வர வோணாம்.

செபமால முடிஞ்சிது. சனம் கலையல. சுஹைப்பு பாய் கார்ட சொருவினாரு. மொதல்ல தண்ணி சத்தம் வந்திச்சி. அப்பால நீ. "அ, அ"ன்னு. அம்மான்னு கூப்புடறது எனக்குப் புரிஞ்சிது. பொடுசுங்க ரெண்டு களுக்குன்னு சிரிச்சிது. எல்லாரும் என் மூஞ்சியப் பார்த்தாங்க. எனக்கு மூஞ்சிய எங்க வெக்கிறதுன்னு தெரியல ஆன்சி. வாயி தானா தொறந்துக்கிச்சி. "பாய், ரிக்கார்டு மாட்டிக்கினு கீது பாரு, ஒரு தட்டு தட்டு"ன்னேன்.

தெருவே சிரிச்சிது. நானும் சிரிச்சேன்.

அதோட நின்னிருந்தா கூட பரவால்ல. சனம் சிரிக்குதேன்னு, நீ நிக்கிற எடத்துல எல்லாம் நான் ஒரு வார்த்தய எடுத்து வுட்டேன். டிவிக்குப் பேசினேனே, அது மாதிரி. நீ "சொ"ன்னா நான் "சொறா மீனு"ன்னேன். ஹில்டா வயித்தப் புடிச்சிக்கினா. நீ இன்னா சொல்றேன்னு நான் கேக்கவே இல்ல. நைனா எங்கிருந்து வந்தாரோ, மைக்செட்டு ஒயர புடிச்சி இழுத்துட்டாரு. அப்பதான் சனம் கலைஞ்சிது. அவரு ராவுல சோறு துன்னல. கார்ட அவுரு போனுல போட்டு, ஒயர என் காதுல மாட்டி வுட்டுட்டு டூட்டிக்குப் பூட்டாரு.

ஒண்டியா குந்தி முழுசும் கேட்டேன்.

நான் சொறான்னேனே, அது 'சொல்லி முடிக்க வுடு'ன்னு நீ சொன்னது. ஞாயித்துக்கெழம நீ எழுந்து பேசப் போறேன்னு, நான் வந்து கிட்ட இருந்தா தெகிரியமா இருக்கும்னு, அத நான் மொதல்ல கேக்கணும்னுதான் இதுல பேசிப் பாக்கறேன்னு. இத்தினியும் சொல்லிட்டு அப்பால பாடற. அந்தப் பாட்ட தெருல ஒருத்தரும் கேக்கல. கேக்கறதுக்கு முன்னயே நாங்க சிரிச்சி முடிச்சிட்டோம்.

காத்தால ஹில்டா வந்து "வெளையாட்டுக்குத்தான, வுடு"ன்னா. வெளையாட்டுன்னுதான் நானும் இத்தினி வருசம் சொல்லிக்கினு வந்தேன். மத்தியானம் கெபியாண்ட மைக்குல தெருகிட்ட தப்புன்னு சொல்லிடலாம்னு கெளம்பினேன். பாய் மைக்க நீட்டிட்டாரு. கையில வாங்கினப்பறம்தான் தோணிச்சி, இப்பவும் உன் பேரத்தான நான் தெருல இழுக்கப் போறேன்னு. குடுத்துட்டுத் திரும்பிட்டேன். காசிமேட்டுக்கும் போவல. உன் மூஞ்சியில முழிக்க எனக்கு வெக்கமா கீது.

ஞாயித்துக்கெழம நைனாவ அனுப்பறேன். நான் வர்ல. நீ வான்னு சொன்னாதான் வருவேன்.

அம்மா

---

பழவேற்காடு
17.5.2025

அம்மாவுக்கு,

பரவாயில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. பொய்யாக எழுதவும் மனசில்லை. பேசுவதில்தான் எனக்குத் தகராறு, எழுதுவதிலாவது நினைத்ததை எழுதுகிறேன்.

தெரு சிரித்தது எனக்குப் பெரிசில்லை. அவர்கள் எப்போதும் சிரிப்பவர்கள்தான். நீ சிரித்தது எனக்கு ராத்திரி முழுக்கக் கேட்டது. நான் அங்கே இல்லாமலே கேட்டது.

ஹில்டா ஆண்ட்டி அரைத்த தனியாவை இங்கே குழம்பில் போட்டார்கள். எல்லாரும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். ஆண்ட்டியிடம் நன்றி சொல்லிவிடு. எனக்கு இறங்கவில்லை.

நீ வா. முன்னால் உட்கார வேண்டாம், நைனாவோடு பின்னால் உட்கார். நான் நிற்கும்போது எடுத்துக் கொடுக்காதே. கண்ணாலும் கொடுக்காதே. நான் சொல்லி முடிக்காமல் உட்கார்ந்தாலும், அது நான் உட்கார்ந்ததாக இருக்கட்டும்.

ஆன்சி

---

ராயபுரம்
20.5.2025, செவ்வாய்

அன்பு மவ ஆன்சிக்கு,

நீ இன்னும் நாலு நாளு குப்பம் குப்பமா படம் போட்டுக் காட்டப் போறேன்னு அங்கியே தங்கிட்ட. அதனால எழுதறேன். எதுருல சொல்றதுன்னா நான் நடுவுல எதனா நக்கலு வுட்டுக் கெடுத்துடுவேன்.

ஞாயித்துக்கெழம நீ சொன்ன மாதிரியே கடைசி வரிசையில குந்தினோம். நீ எழுந்து நின்ன. பேரு சொல்லிட்ட. ஊரு சொல்லும்போது "ரா"ன்னு நின்னுட்ட. ராயபுரம் என் நாக்கு நுனியில வந்து குந்திக்கிச்சி. முந்தானிய எடுத்து வாயில வெச்சிக் கடிச்சேன். நைனா என் மணிக்கட்டப் புடிச்சிக்கினாரு. எனக்கு முன்னால ஒரு அம்மா திரும்பி எங்களப் பார்த்திச்சி, தலையக் குனிஞ்சிக்கினேன். அப்பால நீயே சொன்ன. நான் சொல்லியிருந்தா அது வேற மாதிரி வந்திருக்கும். பாட்டு போட்டப்போ அந்த அம்மா அழுதிச்சி. நான் அழுவல. அழுவறதுக்கு எனக்கு இன்னா ரைட்டு கீது.

கெளம்பும்போது நீ என்னாண்ட பேசல. நைனாவுக்குத் தண்ணி பாட்டிலு குடுத்த, அவரு எனக்குக் குடுத்தாரு. குடிச்சேன்.

வண்டில வரும்போது ராசையா அண்ணன் ஏதோ பேசிக்கினே வந்தாரு. எனக்கு வேற ஒண்ணு ஞாபகம் வந்துகினே இருந்திச்சி. உன்ன காலேஜில சேக்கப் போனோமே. மேஜையாண்ட இருந்த சாரு, "இன்னாம்மா படிக்கப் போற"ன்னு உன்னத்தான் கேட்டாரு. நீ "கா"ன்ன. பின்னால கியூ நிக்குது. நான் முந்திக்கினு, "காமர்ஸ் சார், இதுக்கு வாய்தான் தகராறு, கணக்குல புலி"ன்னேன். அவரு சிரிச்சிக்கினே எழுதிக்கினாரு. நீ என்னத் திரும்பிப் பார்த்த. அன்னிக்கி நான், பார்த்தியா அம்மா எப்டி சமாளிச்சேன்னு உன்னப் பார்த்துக் கண்ணடிச்சேன்.

ரெண்டு வருசமா நீ காமர்ஸு படிக்கிற. நல்லாத்தான் மார்க்கு வாங்கற. ஒரு நாளும் நீ ஒண்ணும் சொல்லல.

நீ சொல்ல வந்தது காமர்ஸுதானா ஆன்சி?

நைனாவக் கேட்டேன், தெரியலன்னாரு. ஹில்டா இதுவா இருக்கும் அதுவா இருக்கும்னு நாலு வார்த்த எடுத்து வுட்டா. வாய மூடுடின்னுட்டேன். எனக்கும் ரெண்டு மூணு தோணுது. எழுத மாட்டேன்.

எழுதறதுன்னா எழுது. வந்து சொல்றதுன்னா வந்து சொல்லு. 'கா'வுல நீ எத்தினி நேரம் நின்னாலும் குந்தியிருக்கேன்.

அம்மா