ஏழு தையலுக்கு ஒரு தட்டு

மார்ச் 3

பாட்டுக்காரனுக்கு,

நலமா? போன் அண்ணன் கையில் இருப்பதால் கடிதம். எட்டாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் சிரிக்காதே.

நாம் பிரிந்ததைப் பற்றி உன் ஆல்பத்தில் ஒரு ராப் பாட்டு வருகிறதாம். தையலறையிலிருந்து நான் உனக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜும் அதில் இருக்கிறதாம். காஜா எடுக்கும் அக்கா சொன்னார். எனக்கு மூன்றாம் மெஷின், பக்கத்து மெஷினில் அண்ணி. என் குரலைக் கேட்டால் அன்றோடு வேலைக்கு முழுக்கு. வீட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். அந்தக் குரலை எடுத்துவிடு.

வாயாடி
(நீ கேலியாக வைத்த பேர்தான்)

மார்ச் 9

அன்பு வாயாடிக்கு,

காஜா அக்கா கடிதத்தைக் கொடுத்தார். அந்தப் பாட்டை எழுத ஐந்து மாதம் ஆயிற்று. என் முதல் மேடையில் உன்னைக் கூப்பிட்டு மைக்கை நீட்டினேன். நீ ஓடிப்போனாய். அத்தனை பேர் முன்னால் முட்டாள் மாதிரி நின்றேன். அதைத்தான் பாடியிருக்கிறேன். உன் பேர் எங்கும் இல்லை. அப்புறம் என்ன பயம்?

நான்

மார்ச் 12

பாட்டுக்காரனுக்கு,

கடையில் விலை கேட்கக்கூட உன்னைத்தானே அனுப்புவேன்? அன்று அண்ணியிடம் பல் டாக்டர் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் நின்றேன். நீ கூப்பிட்டதும் எல்லாத் தலையும் திரும்பியது. உன்னை விட்டு ஓடவில்லை, அந்தத் தலைகளுக்குப் பயந்து ஓடினேன். இப்போது பாட்டில் மறுபடியும் கூப்பிடுகிறாய். கெஞ்சிக் கேட்கிறேன்.

வாயாடி

மார்ச் 20

வாயாடிக்கு,

உன் குரலை எடுத்துவிட்டேன். பின்னால் கேட்ட உன் மெஷின் சத்தத்தை மட்டும் விட்டிருக்கிறேன். ஏழு தையலுக்கு ஒரு தரம் டக்கென்று தட்டுமே, பாட்டுக்குத் தாளமே அதுதான். அது யாருக்குத் தெரியப்போகிறது? அடுத்த மாதம் வெளியாகிறது.

நான்

ஏப்ரல் 18

பாட்டுக்காரனுக்கு,

இந்த அறையில் பதினாறு பேருக்கும் தெரியும். "உன் மெஷினுக்கு இன்னும் விக்கல் நிக்கலையா?" என்று தினமும் என்னைக் கிண்டல் செய்தவர்கள்தான்.

உன் கடிதம் வந்த அன்றே மெக்கானிக் மாமாவிடம் போனேன். நானாகப் போய் ஒருவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"இத்தனை வருசமா தட்டுது. இப்ப என்னம்மா அவசரம்?"

"காது வலிக்குது மாமா."

ஒரு திருகாணி, இரண்டு சொட்டு எண்ணெய். அவ்வளவுதான்.

நேற்று காஜா அக்காவின் போனில் பாட்டு ஓடியது. என் ஊசி இரண்டு தரம் உடைந்தது. மேடைக்குக் கூப்பிட்டதும் ஒருத்தி ஓடுகிற இடம் வந்தபோது அண்ணி தையலை நிறுத்தினார். "இந்த டக்கு எங்கியோ கேட்டாப்ல இருக்கே" என்றது பின்வரிசை.

"எல்லா மெஷினும்தான் விக்குது. வேலையப் பாருங்கடி" என்றார் அண்ணி. பிறகு என் பக்கம் குனிந்து, "பல்லு வலி போயிடுச்சா?"

"போயிடுச்சு அண்ணி."

"இனிமே வராதுல்ல?"

"வராது."

"சரி, தை."

பாட்டு நன்றாக இருக்கிறது, முழுக்கக் கேட்டேன். அந்தத் தட்டு இனி உன் பாட்டில் மட்டும்தான். வைத்துக்கொள். பதில் போடாதே.

மூன்றாம் மெஷின்காரி